கொடிப் பாறைக் காவல்

நான் எழுதிய இரண்டு கடிதங்களை இந்த வாக்குமூலத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். என் முதல் கோரிக்கை அதுதான். அந்தக் கடிதங்களைப் பற்றி எங்கேயும் வாயைத் திறக்கவே கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. அதனால்தான் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நகல்கள் என் பையில் இருக்கின்றன. எதைக் கொடுத்தாலும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வது கல்லூரியில் பழகிய பழக்கம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் ஒரு மனுகூட எழுதியதில்லை. கொடுத்த மனு காணாமல் போகும் என்பதை நானாகத்தான் கற்றுக்கொண்டேன்.

தமிழில் சொல்கிறேன். நீங்கள் கன்னடத்தில் பெயர்த்து எழுதிக் கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். எனக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆனால் ஒரு விஷயத்தை ஒழுங்காக யோசிக்க வேண்டுமென்றால் எனக்குத் தமிழ்தான்.

பெயர் கேரல். வயது இருபத்தாறு. அப்பா பெர்னார்ட், சிவாஜிநகரில் துணிக்கடைகளுக்கு மூட்டை தூக்குகிறவர். நான் பி.எஸ்ஸி., பி.எட். பிரேசர் டவுனில் ஒரு டிரஸ்ட் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். அந்த டிரஸ்டின் சாரணர் முகாமில் பெண் பிள்ளைகளுக்குக் கேப்டனும் நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அந்த முகாமிலிருந்து ஆற்றோடு போன நிருபமா என் குழுப் பெண். பதினொரு வயது. அவள் செத்ததற்காக நீங்கள் பரிசல்காரர் சிக்கமாதுவைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் மேல் தப்பில்லை. யார் மேல் என்று வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்டாலும் பரவாயில்லை. அழ மாட்டேன்.

முகாமுக்கு ஹொளெமனெ என்று பெயர். கனகபுரம் தாண்டி, தார்ச் சாலை முடிந்து, மூங்கில் காட்டுக்குள் ஏழு கிலோமீட்டர் மண் பாதை. அங்கே போன் எடுக்காது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் சில சமயம் எடுக்கும். எட்டுக் கூடாரம், ஒரு சமையல் கொட்டகை, ஒரு ஸ்டோர் ரூம், அவ்வளவுதான். எதிரே காவிரி. கரையிலிருந்து முப்பது அடி தள்ளி ஆற்றுக்குள் ஒரு தட்டைப் பாறை. சாதாரண நாளில் கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்தே போய்விடலாம். பாறையின் நடுவில் கொடிக்காக ஒரு இரும்புக் குழாயை சிமென்ட் போட்டு நட்டிருக்கிறார்கள். கொடிப் பாறை என்று அதற்குப் பெயர்.

முகாமின் கடைசி நாள் பெற்றோர் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். மூங்கில் வளைவைத் தாண்டி பஸ் திரும்பும்போது அவர்கள் கண்ணில் முதலில் படுவது ஆற்றின் நடுவில் ஒரு பிள்ளை கொடியோடு விறைப்பாக நிற்பதுதான். பஸ் ஜன்னல் முழுக்க போன் நீளும். டிரஸ்டின் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் படங்களெல்லாம் அப்படி எடுத்தவை. பன்னிரண்டு வருஷமாக இந்த வழக்கம் நடக்கிறது.

காவலுக்கு ஒரு விதி உண்டு. நிறுத்தி வைத்தவர் மூன்று நீள விசில் அடிக்கிற வரை காவலாளி இடத்தை விட்டு அசையக் கூடாது. வேறு யார் கூப்பிட்டாலும் வரக் கூடாது. விசில் வந்ததும் குழாயிலிருந்து கையை எடுத்து, சல்யூட் அடித்து, இறங்கி நடந்து வர வேண்டும். இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவோம். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். வீட்டில் அவர்களை நம்பி யாரும் எதையும் ஒப்படைப்பதில்லை அல்லவா.

தண்ணீரைப் பற்றி உங்களுக்கே தெரியும். மேலே அணையில் மதகைத் திறந்தால் சுமார் மூன்று மணி நேரத்தில் எங்கள் பாறைக்கு வந்து சேரும். ஆற்றில் சத்தம் இருக்காது. முதலில் நிறம் மாறும், அப்புறம் பாறை சின்னதாகும். மதகு திறந்த செய்தி கரையோர ஊர்க்காரர்கள் போனுக்கு வரும், முகாமுக்கு வராது.

போன வருஷம் சௌம்யா என்று ஒரு பெண் இலவச இடத்தில் வந்திருந்தாள். அம்மா பென்சன் டவுனில் வீட்டு வேலை செய்கிறவர். சௌம்யாவைப் பாறையில் நிறுத்தமாட்டார்கள், படத்துக்கு எடுப்பாக இருக்காதாம். பாறையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். தண்ணீர் வந்தது. ஒரு பர்லாங் தள்ளி சிக்கமாது பரிசலைப் போட்டு அவளைப் பிடித்துத் தூக்கினார். வலது கையில் மூன்று விரல் இன்றுவரை மடங்குவதில்லை. டிரஸ்ட் ஒரு ஸ்வெட்டரும் ஒரு பிஸ்கட் டின்னும் கொடுத்தது. பதிவேட்டில் "விளையாடும்போது விழுந்தாள்" என்று எழுதினார்கள்.

அதற்குப் பிறகுதான் முதல் கடிதம். கொடிப் பாறையில் இனி யாரையும் நிறுத்தக் கூடாது, மிதவை உடைகளை ஸ்டோர் ரூமில் பூட்டி வைக்கக் கூடாது, மதகு செய்தி வருகிற போன் ஒன்று முகாமுக்கு வேண்டும். ஒரு பக்கம்தான் எழுதினேன். டிரஸ்டின் செயலாளர் வெங்கடகிருஷ்ணன் சார் கூப்பிட்டு அனுப்பினார். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ரிடையர் ஆனவர்.

"கதவைச் சாத்திண்டு வா. இது என்னம்மா?"

"லெட்டர் சார்."

"லெட்டர்னு தெரியறது. எதுக்கு லெட்டர்?"

"போன வருஷம் சௌம்யாவுக்கு ஆனது..."

"அது ஆயாச்சு, முடிஞ்சாச்சு. இதோ பாரு கேரல், வாயால சொல்லு. நூறு தடவை சொல்லு, கேட்டுக்கறேன். பேப்பர்ல போடாதே. பேப்பர்ல போட்டா நாளைக்கு எனக்குத் தெரியும்னு ஆயிடும்."

"உங்களுக்குத் தெரியணும்னுதான் சார் எழுதுனேன்."

அவர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "உங்க வீட்டுல நீதான் முதல் கிராஜுவேட், இல்லையா? எல்லாரும் இப்படித்தான். காப்பி வேணும்னாக்கூட எழுத்துல கேப்பேள். போகப் போகச் சரியாயிடும், போ."

இந்த ஜூன் மாதம் இரண்டாவது கடிதம் கொடுத்தேன். இன்வர்டு சீல் வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "ப்ரொபேஷன் இன்னும் முடியலை, ஞாபகம் இருக்கா? இந்த லெட்டர் பேச்சை இனிமே எடுக்கவே கூடாது. என்கிட்ட மட்டுமில்லே, யார்கிட்டயும்." கடிதத்தை மேஜை இழுப்பறைக்குள் போட்டுச் சாவியைத் திருப்பினார்.

அந்த மேஜை இழுப்பறையைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். பஸ்ஸில் யோசித்தேன், வகுப்பில் பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது யோசித்தேன். இரவில் அம்மா தட்டை எடுத்துப் போகிற வரைக்கும் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். ஏதாவது நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் சொன்னால் அது யாருக்கும் கேட்கவில்லை. இது எப்படிப்பட்ட நிலைமை என்று உங்களுக்குத் தெரியுமா? தண்ணீருக்குள் நின்று கத்துவது மாதிரி.

கடைசியில் ஒன்று புரிந்தது. சௌம்யா பிழைத்துக்கொண்டாள், அதுதான் சிக்கல். அதோடு அவள் சௌம்யா. வீட்டு வேலைக்காரியின் மகள் தண்ணீரில் போய்த் திரும்பி வந்தால் அது ஒரு பிஸ்கட் டின்னோடு முடிந்துவிடும். டிரஸ்ட்காரர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று அந்தப் பாறையில் நின்று, அதன் முழங்காலுக்குத் தண்ணீர் ஏறுவதை அவர்களே பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரே நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். கடிதமே தேவையில்லை. அந்தக் குழாயை அன்றைக்கே அவர்களே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். எனக்குச் சாவு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பயம் வேண்டியிருந்தது. ஐந்து நிமிஷப் பயம். இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இது மற்ற பிள்ளைகளின் நன்மைக்காக. இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு சிக்கமாது சமையல் கொட்டகைக்கு வந்தார். போனைக் காட்டினார். "நீரு பிட்டவ்ரே மேடம். இவத்து ஆ பண்டெ பேட." தண்ணீர் விட்டுவிட்டார்கள், இன்றைக்கு அந்தப் பாறை வேண்டாம் என்றார். எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். பதினொன்றுக்குள் என்றார். சரி என்றேன். பஸ்ஸும் பதினொரு மணிக்குத்தான். நான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவாகப் பொருந்தி வந்தது.

அவரிடம் பரிசலைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். இது என் ஏற்பாடு இல்லை. பெற்றோர் வரும் நாளில் பரிசல், கயிறு, மிதவை உடை எதுவும் கரையில் கண்ணில் படக் கூடாது என்பது டிரஸ்டின் பழைய உத்தரவு, பார்த்தால் பயந்துவிடுவார்களாம். அன்றைக்கு நான் அந்த உத்தரவை மீறவில்லை, அவ்வளவுதான். அவர் என் முகத்தைப் பார்த்தார். பாறையில் யாரும் நிற்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு போனார். அப்படி நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

யாரை நிறுத்துவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. நிருபமாவின் அப்பா ஸ்ரீஹர்ஷா டிரஸ்ட் கமிட்டியில் இருக்கிறார். என் இரண்டாவது கடிதத்தைக் கமிட்டியில் எடுத்துப் பேச வேண்டியவர்களில் அவரும் ஒருவர். அவர் வீட்டில் ஒருத்தர் பயந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அதனால் அவள்.

பத்து நாற்பதுக்கு நானே அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். தண்ணீர் கணுக்கால் வரைக்கும்கூட இல்லை, தெளிவாக இருந்தது. அவள் ஷூவைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்தாள். சாக்ஸை மடித்து உள்ளே செருகினாள்.

"கேப்டன் மிஸ், காவல்ல நிக்கறச்சே மூக்குல ஈ உட்கார்ந்தா தட்டலாமா?"

"கூடாது."

"ஊதலாமா?"

"ஊதிக்கோ."

"தருண் பஸ்லேர்ந்து பழிப்புக் காட்டுவான். அவன் என் தம்பி. சிரிச்சுட்டேன்னா மார்க் போயிடுமா?"

"சிரிக்காம இரு."

"ட்ரை பண்றேன், மிஸ். ப்ராமிஸ் எல்லாம் பண்ண முடியாது."

குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கரைக்கு வந்தேன். மற்ற முப்பது பிள்ளைகளும் இரண்டு டீச்சர்களும் முகாம் வாசலில் பஸ்ஸை வரவேற்க வரிசையில் நின்றார்கள். வாசலிலிருந்து ஆறு தெரியாது. கரையில் நான் மட்டும்.

பத்து ஐம்பதுக்குத் தண்ணீரின் நிறம் மாறியது. டீயில் பால் ஊற்றியது மாதிரி ஆனது. அவள் அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவளும் காட்டப்போய், காவலில் இருப்பது ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டாள்.

பதினொரு மணிக்குப் பாறையின் மேல் அவள் பாதம் நனைந்தது. நான் நினைத்து வைத்திருந்த இடம் அதுதான். அந்த நிமிஷம் பஸ் திரும்ப வேண்டும், நான் விசில் அடிக்க வேண்டும், அவள் முழங்கால் தண்ணீரில் நடந்து வர வேண்டும், நான் பாதி தூரம் இறங்கிப்போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும். கரைக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு குச்சியை நட்டு வைத்திருந்தேன். அதில் கத்தியால் போட்ட கோடு வரைக்கும் தண்ணீர் வந்தாலும் என்னால் போய்த் தூக்கி வர முடியும். நான் அறிவியல் டீச்சர். கணக்குப் பண்ணித்தான் செய்தேன்.

பஸ் வரவில்லை.

பதினொன்று ஐந்துக்குத் தண்ணீர் கோட்டைத் தொட்டது. அப்போது விசில் அடித்திருந்தால் நிருபமா இன்றைக்கு ஸ்கூலுக்குப் போயிருப்பாள். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு என்ன புரிந்திருக்கும்? கரையில் ஆள் இல்லை. ஈரக் காலோடு ஒரு பெண் வருவாள், நான் துடைத்துவிடுவேன், அப்புறம் பஸ் வரும், அப்புறம் பாட்டு, கைதட்டல், மதியச் சாப்பாடு. என் கடிதம் அந்த மேஜை இழுப்பறைக்குள்ளேயே கிடக்கும். அடுத்த வருஷம் வேறு ஒரு பிள்ளை. அதனால் ஒரு நிமிஷம் பொறுத்தேன். ஒரு நிமிஷம் ஆனதும் இன்னொரு நிமிஷம் பொறுப்பது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் அப்படித்தான் போனது. இவ்வளவு பொறுத்தபின் வீணாக்கக் கூடாது என்றும் தோன்றியது.

பதினொன்று பத்துக்கு சிக்கமாது ஏதோ எடுக்கக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தவர் அவளைப் பார்த்துவிட்டார். கரையோரம் ஓடிவந்து வா வா என்று கத்தினார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். "கேப்டன் இன்னும் விசில் அடிக்கல்லை அங்கிள்" என்றாள். குரல் தெளிவாகக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பி, "விசில் ஹொடீரி மேடம்" என்றார். விசில் அடிங்க மேடம். நான் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் நிற்காமல் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார். பரிசலை நிமிர்த்தி, தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து, மேல் பக்கமாகத் தண்ணீரில் போட்டார். இதைத்தான் நீங்கள் "பரிசலோட்டி இடத்தில் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

தண்ணீர் இப்போது அவள் இடுப்புக்கு வந்திருந்தது. இரண்டு கையாலும் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். கொடி நனைந்து அவள் தோளில் ஒட்டியிருந்தது. சிக்கமாது சுழன்று சுழன்று வந்தார். "பிடபேட மகா, கெட்டியாகி ஹிட்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். விடாதே மகளே, கெட்டியாகப் பிடித்துக்கொள். அவள் விடவில்லை. குழாய் சிமென்டில் நட்டது, அது அசையவே இல்லை. பரிசலுக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி இருந்தது. இன்னும் இரண்டு துடுப்புப் போட்டால் போதும்.

அப்போது மூங்கிலுக்குப் பின்னால் ஹாரன் கேட்டது.

இந்த இடத்தை எல்லோரும் கேட்கிறார்கள். நான் விசில் அடித்தேனா? அடித்தேன். வாசலில் இருந்த முப்பது பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்று நீள விசில். அதைக் கேட்டு எல்லோரும் கேப்டன் எச்சரித்தாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்று நீள விசில் எச்சரிக்கை இல்லை. அதற்கு அர்த்தம் உன் காவல் முடிந்தது, வா.

இதற்கு முன் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நிருபமாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அவள் அப்பா மட்டும் காரணமில்லை. முகாமின் மூன்றாவது நாள் அவளை விறகுக் குவியலுக்குக் காவல் வைத்துவிட்டு மறந்துபோனேன். மழை பெய்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் உதடு நீலமாகி அங்கேயே நின்றாள். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன். "நீங்க விசில் அடிக்கல்லையே மிஸ்" என்றாள். எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டி என் கையால் பேட்ஜ் குத்தினேன். மற்ற பிள்ளைகளாக இருந்தால் பாதம் நனைந்ததுமே ஓடி வந்துவிடும். இவள் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். விசில் அடித்தால் கையை விடுவாள் என்பதும் தெரியும்.

பத்தடியைப் பார்த்தேன். இன்னும் இரண்டு துடுப்பில் அவளைத் தூக்கிவிடுவார். பஸ் வளைவைத் தாண்டும்போது அவள் பரிசலுக்குள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்னொரு சௌம்யா. இன்னொரு பிஸ்கட் டின். இவ்வளவையும் யோசிக்க நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. பஸ்ஸின் முதல் ஜன்னல் மூங்கிலைத் தாண்டி வெளியே தெரிகிற வரைக்கும் இருந்தது. அது தெரிந்ததும் அடித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் அப்பாடா என்று ஒரு தெளிவு வந்தது. குழாயிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒழுங்காக சல்யூட் அடித்தாள். ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தாள். அங்கே பாறை இல்லை.

பஸ் ஜன்னலிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். இரண்டாம் நாள் கிடைத்தாள்.

இன்றைக்குக் காலை பிரேசர் டவுனில் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். வெங்கடகிருஷ்ணன் சார் விசாரணை அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினார். வெள்ளம் திடீரென்று உயர்ந்ததைக் கண்ட கேப்டன் உடனே அபாய விசில் அடித்தார், பரிசலோட்டி குடித்துவிட்டு நேரத்துக்கு இடத்தில் இல்லாததால் காப்பாற்ற முடியவில்லை. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. என் ப்ரொபேஷன் முடிந்துவிட்டதாக ஒரு உத்தரவும் பக்கத்தில் இருந்தது.

"சார், அது அபாய விசில் இல்லை."

"எந்த விசிலா இருந்தா என்னம்மா? விசில் விசில்தான்."

"அவரு குடிக்கிறதே இல்லை, சார்."

"காட்டுல இருக்கறவன், அவனைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

உங்களிடம் இப்போது சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாக இல்லை, ஆனால் எல்லாவற்றையும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"நீ ஷாக்ல இருக்கே. நாலு நாள் தூங்கியிருக்கமாட்டே."

"தூங்கினேன் சார்."

அவர் சாவியை எடுத்து மேஜை இழுப்பறையைத் திறந்தார். என் இரண்டு கடிதங்களையும் எடுத்து முன்னால் வைத்தார். "இதை அறிக்கையோட சேர்த்துடறேன். நீ எச்சரிச்சே, நாங்க கேட்கலை, தப்பு எங்க மேலேன்னு எழுதிடறேன். முகாமை மூடிடறோம். நிரந்தரமா. உனக்கு வேண்டியது இதுதானே? இப்ப சொன்ன கதையை மட்டும் வெளியே சொல்லாதே. அந்தப் பரிசல்காரனுக்கு நல்ல வக்கீலா நானே பார்க்கறேன். குழந்தையோட அம்மாவை நினைச்சுப் பாரு."

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். முழு டம்ளரையும் குடித்து முடிக்கிற வரைக்கும் யோசித்தேன். எனக்கு வேண்டியது அத்தனையும் அந்த மேஜை மேல் இருந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

வேண்டாம் என்றேன். பரிசல்காரர் மேல் இரக்கம் என்று எழுதிவிடாதீர்கள். அவர் பாவம்தான், அது வேறு. அந்த அறிக்கையில் நிருபமா ஒரு குடிகாரனால் செத்தவள். அப்படி ஆனால் அவள் எதற்காக நின்றாள் என்பதே இல்லாமல் போய்விடும். அந்த முகாமை மூட வைத்தது நான். ஒரு கடிதத்தை மேஜை இழுப்பறைக்குள் பூட்டினால் என்ன ஆகும் என்று காட்டியது நான். என் வாழ்க்கையில் நான் செய்த எதற்கும் வேறு யாராவதுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதற்கும் அப்படி விட முடியாது.

"போலீஸுக்குப் போறேன் சார்" என்றேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. "உன்னை யாரும் நம்பமாட்டா" என்று மட்டும் சொன்னார். ஒரிஜினல் கடிதங்களைத் திரும்ப மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். அதனால்தான் உங்களிடம் நகல் கொடுக்கிறேன்.

அலுவலக வராந்தாவில் நிருபமாவின் அம்மா ஸ்ரீலக்ஷ்மி உட்கார்ந்திருந்தார், டிரஸ்ட் விசாரணைக்கு வாக்குமூலம் கொடுப்பதற்காக வந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்றிருந்தது.

"நீங்க விசில் அடிச்சு அவளைக் கூப்பிட்டேளாமே. சார் சொன்னார். நீங்களாவது பக்கத்துல இருந்தேள்."

அவர் என் கையை விடவில்லை.

"நான்தான் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்" என்றார். "கனகபுரத்துல. அவளுக்கு மைசூர்பாக்னா உயிர். ஒரே நிமிஷம்னு டிரைவர்கிட்ட கெஞ்சி இறங்கினேன். கடையில கூட்டம். இருபது நிமிஷம் ஆயிடுத்து. அந்த இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தோம்னா..."

அதற்குமேல் பேச முடியாமல் என் முகத்தையே பார்த்தார். இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

"ஆமா மேடம். இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பொழைச்சிருப்பா" என்றேன்.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. பஸ் நேரத்துக்கு வரவில்லை என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கையை விடுவித்துக்கொண்டு, படியிறங்கி, இங்கே வருகிற பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.